சீனப் போர்க்கப்பலுக்குள் படுக்கை, சோறு, காற்று, தூக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்ட் 26 அன்று ஹெஃபெய், வூஜிஷான், சிலியான்ஷான் என்ற மூன்று சீனப் போர்க்கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. இப்படி ஏதாவது கப்பல் வரும்போதெல்லாம் ஏவுகணை, ரேடார் பேச்சு ஓய்ந்ததும் வேறு கேள்விகள் வரும். உள்ளே எத்தனை பேர்? எங்கே படுக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்? திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஒரு கப்பல்ல எத்தனை பேர்தான் இருப்பாங்க?

கப்பலின் வகையைப் பொறுத்தது. சீனா தன் கப்பல் வகைகளை எண்களால் குறிக்கிறது. 054ஏ ஃபிரிகேட்டில் (நாசகாரியைவிடச் சிறிய போர்க்கப்பல்) ஏறத்தாழ 165 பேர். 052டி நாசகாரியில் (டிஸ்ட்ராயர்) 280 பேர் வரை. கொழும்புக்கு வந்த ஹெஃபெய் அந்த வகைதான், அதில் 267 பேர் இருந்ததாக இலங்கைக் கடற்படை அறிவித்தது. 055 வகைப் பெரிய நாசகாரியில் 300 பேருக்கு மேல். லியாவ்னிங் விமானந்தாங்கியில் ஆயிரக்கணக்கில்.

அன்று வந்த மற்ற இரண்டும் 071 வகைத் தரையிறக்கக் கப்பல்கள். இரண்டுக்கும் ஒரே நீளம், 210 மீட்டர். ஆனால் வூஜிஷானில் 872 பேர், சிலியான்ஷானில் 334 பேர். இது பலரைக் குழப்பியது. இந்த வகைக் கப்பல் தன் மாலுமிகளைத் தவிர கரையில் இறங்கிப் போரிடும் 600 முதல் 800 வீரர்கள் வரை ஏற்றிச் செல்லக் கட்டப்பட்டது. படையினர் ஏறினால் கூட்டம், ஏறாவிட்டால் பாதிப் படுக்கை காலி. ஆகவே கப்பலின் நீளத்தை மட்டும் வைத்து உள்ளே நெரிசலா தாராளமா என்று சொல்லிவிட முடியாது.

சரி, ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்?

அறையின் சதுர மீட்டர் கணக்கு வெளியே கிடைப்பது அரிது. கையில் இருக்கும் எண்களை வைத்து ஒரு பருமட்டான அளவு எடுக்கலாம்: முழுச் சுமையோடு கப்பலின் எடையை ஆள் எண்ணிக்கையால் வகுப்பது. 1971இல் பணிக்கு வந்த 051 வகையில் சுமார் 3,670 டன்னுக்கு 280 பேர், அதாவது ஆளுக்கு 13 டன். 054ஏ சுமார் 4,000 டன், 165 பேர், ஆளுக்கு 24. 052டி சுமார் 7,500 டன், 280 பேர், ஆளுக்கு 27. 055 வகை 12,000 டன்னுக்கு மேல், 300 பேர், ஆளுக்கு 40 டன். அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகை நாசகாரிகளில் பிந்தையவை இதே கணக்கில் 30ஐ ஒட்டி நிற்கும்.

இந்த 40 டன்னும் மாலுமிக்குப் போய்ச் சேருவதில்லை. 055இல் செங்குத்து ஏவுகணைக் குழாய்கள் மட்டும் 112. நான்கு எரிவாயுச் சுழலிகள் (கேஸ் டர்பைன்), அவற்றுக்கு அறை அகலத்துக்குக் காற்றுக் குழாய்கள். எல்லாம் போக மீதிதான் வாழும் இடம். ஆனாலும் 13இலிருந்து 40க்கு வந்த தூரம் உண்மையானது. மாலுமி எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்க, கப்பல் மூன்று மடங்கு பெருத்திருக்கிறது.

படுக்கை எப்படி இருக்கும்? எல்லாருக்கும் தனி ரூமா?

இல்லை. கேப்டனுக்கும் அரசியல் ஆணையருக்கும் தனியறை. மற்ற அதிகாரிகள் சிலராகச் சேர்ந்து ஓர் அறையில். சாதாரண மாலுமிகளுக்கு இரண்டு அல்லது மூன்று அடுக்குக் கட்டில், இழுத்து மூடும் திரை, தலைமாட்டில் படிக்க ஒரு விளக்கு, பூட்டு போட்ட சிறு அலமாரி. எந்த நாட்டுக் கப்பலுக்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

மூன்றடுக்கில் ஏன் நிமிர்ந்து உட்கார முடியாது என்பது எளிய கணக்கு. குழாய், கேபிள், விளக்கு எல்லாம் போக ஓர் அறையில் நிற்கும் உயரம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். அடிக் கட்டிலைத் தரையிலிருந்து 25 செ.மீ. உயர்த்தினால் மிஞ்சுவது 1.8 மீட்டர். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 60 செ.மீ.; அதில் மெத்தைக்குப் பத்து போய்விடும். புரண்டு படுக்கலாம், உட்கார முடியாது. இரண்டடுக்காக்கினால் சற்றுக் குனிந்தாவது உட்காரலாம், ஆனால் அதே அறையில் மூன்றிலொரு பங்கு ஆட்களுக்கு வேறு இடம் தேட வேண்டும். ஒரு கடற்படை தன் மாலுமியை எப்படி நினைக்கிறது என்பது இந்த ஒரு முடிவில் தெரிந்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

அரசியல் ஆணையருக்கு எதுக்குத் தனி ரூம்? அவருக்கு அங்கே என்ன வேலை?

சீனக் கடற்படை கம்யூனிஸ்ட் கட்சியின் படை. ஒவ்வொரு போர்க்கப்பலிலும் கேப்டனும் அரசியல் ஆணையரும் சம நிலைத் தலைமை. கப்பலை ஓட்டுவதும் சண்டையிடுவதும் கேப்டன் பொறுப்பு. கட்சிக் கல்வி, ஒழுங்கு, மாலுமிகளின் மனநிலை, குடும்பப் பிரச்சினை ஆணையர் பக்கம்.

உள் அமைப்பில் இதன் தடம் தெளிவாகத் தெரியும். படிப்பறை, நூலகம், கப்பலின் வரலாற்றையும் விருதுகளையும் வைத்திருக்கும் இடம், நடைவழிச் சுவர்களில் படங்களும் வாசகங்களும் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து வருபவை. நாசகாரிகளுக்குப் பெருநகரங்களின் பெயரையும் விமானந்தாங்கிகளுக்கு மாகாணப் பெயரையும் வைப்பது வழக்கம். பெயர் கொடுத்த ஊரோடு கப்பலுக்குத் தொடர்பு நீடிக்கும். அந்த ஊரின் படங்கள் நடைவழிக்கு வந்துவிடும். சாம்பல் இரும்புக்கு நடுவில் மாதக்கணக்கில் இருப்பவனுக்கு ஓர் ஊர்க்காட்சி எவ்வளவு ஆறுதல் என்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

முன்னாடி இவ்வளவு வசதி கிடையாதாமே, எப்போ மாறுச்சு?

ஒரே நாளில் மாறவில்லை. ஆனால் ஒரு திருப்புமுனை உண்டு. 2008 டிசம்பர் 26 அன்று வூஹான், ஹாய்கோ என்ற இரு நாசகாரிகளும் வெய்ஷான்ஹூ என்ற வழங்கல் கப்பலும் சான்யாவிலிருந்து ஏடன் வளைகுடாவுக்குக் கடற்கொள்ளைத் தடுப்புக்காகப் புறப்பட்டன. நாசகாரிகள் திரும்பி வர 124 நாள் ஆனது. அதற்கு முன் சீனக் கப்பல்கள் பெரும்பாலும் தம் கரையை ஒட்டியே சுற்றியவை. ஒரு வாரத்துக்குச் சகித்துக்கொள்ளக்கூடிய புழுக்கமும் சத்தமும் நான்கு மாதத்தில் ஆளை உடைத்துவிடும்.

முதல் குழுவின் போர்க்கப்பல்கள் ஓய்வுக்காக எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை. அடுத்த குழு 2009இல் ஓமனின் சலாலா துறைமுகத்தில் இறங்கி ஓய்வெடுத்தது. 2017 ஆகஸ்ட் 1 அன்று ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் சீனாவின் தளம் திறக்கப்பட்டது. காய்கறி, நன்னீர், தூக்கம், மன உளைச்சல் எல்லாம் கப்பல் கட்டுமானப் பிரச்சினைகளாகப் பார்க்கப்பட்டது இந்தப் பயணங்களின் பாடம். 2014இல் வந்த 052டியும் 2020 ஜனவரியில் நான்சாங்குடன் தொடங்கிய 055உம் அந்தப் பாடத்துக்குப் பிறகு பணிக்கு வந்தவை.

சீனச் சமையல்னா வாணலியும் பெரிய நெருப்பும்தானே, கப்பல்ல அதை விடுவாங்களா?

திறந்த நெருப்பு கிடையாது. மின்சாரம் அல்லது நீராவி. வாணலியில் வதக்கும் சமையலுக்கு அடிச்சூடு மிக அதிகமாகத் தேவை. மின் வாணலி அந்தச் சூட்டை எட்டுவதற்குள் குளிர்ந்த காய்கறியை அள்ளிக் கொட்டினால் சூடு இறங்கி, காய் வதங்காமல் தன் நீரிலேயே வெந்துவிடும். அதனால் காய்களை முன்கூட்டியே ஒரு கொதி விட்டு எடுத்து, சிறு சிறு ஈடுகளாக வதக்குவார்கள். பெரிய ஆபத்து ருசியில் இல்லை, புகைக்குழாயில். வதக்கும் எண்ணெயின் ஆவி குழாயின் உட்சுவரில் படிந்து, வடிகட்டியைக் கழுவத் தவறினால் ஒரு பொறி போதும். தீ அடுப்போடு நிற்காது, குழாய் வழியே பரவிவிடும்.

சோறு எளிது. கதவு பூட்டிக்கொள்ளும் நீராவிப் பெட்டியில் தட்டுத் தட்டாக வேகவைப்பது சீனக் கூட்டுச் சமையலின் பழைய முறை. அது கப்பலுக்குப் பொருந்தியது ஒரு நல்வாய்ப்பு: கப்பல் சாய்ந்தாலும் கொதிநீர் யார் மேலும் சிந்தாது. ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்றால் 300 பேருக்கு 45 கிலோ. 12 தட்டுப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 50 கிலோ தாங்கும். மாந்தோ என்ற ஆவியில் வேகும் ரொட்டிக்கும் அதே பெட்டிதான். கஞ்சி, சூப் அண்டாக்களை மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் நகராதபடி கம்பித் தடுப்பும் வேண்டும்.

ரெண்டு மூணு மாசத்துக்குக் காய்கறி எப்படித் தாங்கும்?

எதை முதலில் சாப்பிடுவது என்ற வரிசையில்தான் சூட்சுமம். கீரை வகை முதல் வாரம். அடுத்து வெள்ளரி, தக்காளி, பீன்ஸ். பிறகு சீன முட்டைக்கோஸ், கேரட், முள்ளங்கி. கடைசிவரை நிற்பவை உருளைக்கிழங்கு, பூசணி, நீர்ப்பூசணி. காய் தீர்ந்தபின் உலர்ந்த காளான், உறைந்த காய்கள், சோயாவை ஊறவைத்து அரைத்த பால், டோஃபு. பச்சைப்பயறு முளை கப்பலிலேயே வளர்க்கப்படுகிறது: ஒரு கிலோ பயறு நான்கைந்து நாளில் ஆறேழு கிலோ முளை தரும். வேண்டியது இருட்டும் சுத்தமான தண்ணீரும்தான்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஆப்பிளையும் கீரையையும் ஒரே குளிர் அறையில் வைப்பது. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். இன்னொன்று உருளைக்கிழங்கை 0 முதல் 4 டிகிரி அறையில் போடுவது. மாவுச்சத்து சர்க்கரையாகித் தித்திக்கும், வதக்கினால் கருகும். அதற்கு 7 முதல் 10 டிகிரி போதும். கடலிலேயே வழங்கல் கப்பலிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

ராத்திரி டூட்டி பாக்கறவங்களுக்கு சாப்பாடு?

கடலில் நான்காவதாக ஓர் இரவு உணவும் உண்டு. காவல் பணி மாறும் நேரத்தில் நூடுல்ஸ், கஞ்சி போன்ற இலகுவான சூடான உணவு. சீனப் படையில் உணவுத் தரத்துக்கு 'அடுப்பு' என்று பெயர்: கடற்பணி அடுப்பு, நீர்மூழ்கி அடுப்பு, விமானி அடுப்பு என ஒவ்வொரு பணிக்கும் தனி அளவு. கரையில் இருப்பவரைவிடக் கடலில் இருப்பவருக்கு அதிகம்.

குளிக்கத் தண்ணி இருக்குமா, இல்ல கடல் தண்ணிதானா?

இன்றைய கப்பல்களில் கடல்நீரை ஆர்.ஓ. முறையில் நன்னீராக்குகிறார்கள். ஆளுக்கு நாளுக்கு 150 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 280 பேருக்கு 42 டன். இதில் சமையல், துணி துவைத்தல், கழிவறை போக, ஹெலிகாப்டரின் உப்பைக் கழுவவும் எரிவாயுச் சுழலியைக் கழுவவும் அதே தண்ணீர்தான் வேண்டும். இயந்திரமும் மனிதனும் ஒரே தொட்டிக்குப் போட்டியிடுகிறார்கள். நிமிடத்துக்கு 9 லிட்டர் விடும் குழாயின் கீழ் பத்து நிமிடம் நின்றால் 90 லிட்டர். நனைந்து, மூடி, சோப்புப் போட்டு, திறந்து அலசினால் 20 லிட்டரில் முடிந்துவிடும்.

துறைமுகத்தில் ஆர்.ஓ. கருவியை நிறுத்திவிடுவார்கள். சேறும் எண்ணெயும் வடிகட்டியை அடைக்கும், சவ்வைக் கெடுக்கும். குளோரின் கலந்த நீர் பட்டாலும் சவ்வு போய்விடும். 'தண்ணி ருசியே இல்ல' என்ற புகாருக்குக் காரணம் உப்பெல்லாம் வடிந்துபோவது. பெயின்ட் வாசனை அடித்தால் அது தொட்டிப் பூச்சின் கோளாறு. அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. குடிப்பதற்குத் தளத்துக்குத் தளம் வெந்நீர்க் கருவி இருக்கும். வெந்நீரும் தேநீரும் இல்லாமல் சீன மாலுமிக்கு நாள் நகராது.

ஏ.சி. இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் புழுங்குது, பூஞ்சை பிடிக்குது?

இயந்திரங்களும் கணினிகளும் விடும் சூடு ஒருபுறம். இன்னொரு காரணம் கடலே. ஏ.சி. தன் சூட்டைக் கடல்நீரில்தான் கொட்ட வேண்டும். ஏடன் வளைகுடாவில் கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது, குளிர்கடலில் தாராளமாக வேலைசெய்த அதே கருவி திணறும். அப்போது முதலில் குளிர்விக்கப்படுவது ரேடார், கணினி அறைகள்; மாலுமியின் அறை வரிசையில் பின்னால் நிற்கும்.

பூஞ்சைக்குக் காரணம் ஈரம். குளிர்ந்த குழாயின் மேல் சுற்றிய காப்பு எங்காவது இணைப்பில் விலகியிருந்தால் அங்கே நீர் துளிர்க்கும், கூரைப் பலகைக்குள் சொட்டும், பத்து நாளில் கறுப்புத் திட்டு. துடைத்துப் பயனில்லை, இணைப்பை மூட வேண்டும். குளியலறையிலும் சமையற்கட்டிலும் உறிஞ்சு விசிறி வலுவாக இருந்து, அங்கிருக்கும் காற்றழுத்தம் நடைவழியைவிடக் குறைவாக இருந்தால்தான் ஈரமும் வாடையும் படுக்கையறைக்கு வராது.

சாக்கடை நாத்தம் எங்கிருந்து வருது?

தரை வடிகாலின் வளைவுக் குழாயில் நிற்கும் தண்ணீர்தான் வாயுவைத் தடுக்கும் பூட்டு. கப்பல் பலமாக ஆடினால் அந்தத் தண்ணீர் தளும்பி வெளியேறிவிடும். யாரும் பயன்படுத்தாத குளியலறையில் உலர்ந்தும் போகும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. உறிஞ்சு வகைக் கழிவறையில் துணி, தடித்த தாள் போட்டால் அடைப்பு ஒன்று, நாற்றம் தளம் முழுக்க.

இஞ்சின் சத்தத்துல எப்படித் தூங்கறாங்க?

இஞ்சின் வகையைப் பொறுத்துச் சத்தத்தின் குணம் மாறும். 054ஏ நான்கு டீசல் இஞ்சின்களில் ஓடுவது. டீசல் அதிர்வு எலும்புக்குள் இறங்கும் தாழ்ந்த முழக்கம், இரும்பு வழியே தூரத்துக்குப் போகும். 052டி மெதுவாகப் போகும்போது டீசல், வேகத்துக்கு எரிவாயுச் சுழலி. 055இல் நான்கும் சுழலிகள். அவை அதிகம் அதிர்வதில்லை, ஆனால் காற்றை உறிஞ்சும் கீச்சொலி உண்டு. கீச்சொலியைக் காற்றுக் குழாயில் ஒலித்தடுப்பு வைத்து அடக்கிவிடலாம். அடித்தள முழக்கத்துக்கு இஞ்சினையே ரப்பர்த் தாங்கியில் மிதக்க விட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: 2014 முதல் நடப்பிலுள்ள சர்வதேச விதிப்படி வணிகக் கப்பலின் படுக்கையறையில் 10,000 மொத்தக் கொள்ளளவு டன்னுக்குக் (எடையல்ல) கீழ் 60 டெசிபல், அதற்கு மேல் 55 டெசிபல். போர்க்கப்பலுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும் நல்ல இலக்கு அதுதான். மிக எளிதில் தீர்க்கக்கூடிய சத்தம் இஞ்சினிலிருந்து வருவதே இல்லை: தளர்ந்த கூரைப் பலகை, கதவு சரியாகப் பூட்டாத அலமாரி, காற்று வாய் நேராக மேல் கட்டிலின் முகத்தில் ஊதும் சீறல். ஒரு ஸ்க்ரூவும் ஒரு துண்டு ரப்பரும் போதும்.

கப்பல் ஆடும்போது எங்க படுத்தா நல்லது?

நடுவில், தாழ்வான தளத்தில், கப்பலின் நீளவாக்கில் தலை வைத்து. முன்மூக்கில் செங்குத்து அசைவு நடுப்பகுதியைப் போலப் பல மடங்கு. நொடிக்கு 0.2 முறை, அதாவது ஐந்து நொடிக்கு ஒரு ஏற்ற இறக்கம்தான் வயிற்றைப் புரட்டுவதில் மோசமானது. ஆனால் நடுப்பகுதியில்தான் முந்தைய பதிலில் சொன்ன இஞ்சினும் இருக்கிறது. ஆட்டம் குறைந்த இடத்தில் சத்தம் அதிகம், சத்தம் குறைந்த இடத்தில் ஆட்டம் அதிகம்: வடிவமைப்பாளர் முழுதாக வெல்ல முடியாத கணக்கு இது. 1,500 டன்னை எட்டாத 056 கொர்வெட்டில் (ஃபிரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல்) ஒதுங்க இடமே இல்லை. 180 மீட்டர் நீள 055இல் ஓரளவு உண்டு.

மர வேலைப்பாடு, கார்பெட் எல்லாம் ஏன் போடறதில்ல?

தீ. 1982 ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் எரிந்தபோது மெத்தை நுரையும் கேபிள் உறையும் கக்கிய புகை எத்தனை பேரை முடக்கியது, செயற்கை இழைச் சீருடைகள் எப்படித் தோலோடு உருகி ஒட்டின என்பதை உலகக் கடற்படைகள் எல்லாம் படித்தன. அதனால் இன்றைய சுவர், எஃகுத் தகட்டுக்கு நடுவில் பாறைக் கம்பளி அடைத்த பலகை. கேபிளுக்குப் புகை குறைந்த உறை. கட்டில், மேசை உலோகம். சீனக் காணொளிகளில் வெள்ளையாகப் பளபளக்கும் சுவரைப் பார்த்து 'ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே' என்பவர்களுக்குப் பதில் இதுதான்.

எடையும் ஒரு காரணம். மேல் தளங்களில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் கப்பலை நிலை தடுமாற வைக்கும்.

பெண்கள் இருக்காங்களா? அவங்களுக்கு எப்படி ஏற்பாடு?

இருக்கிறார்கள். லியாவ்னிங்கில் தொடக்கத்திலிருந்தே உண்டு. நாசகாரியின் கேப்டனாக உயர்ந்த வெய் ஹுயிஷியாவ் சீனாவில் நன்கு அறியப்பட்டவர். பெண்களின் அறையும் குளியலறையும் தனி.

சிக்கல் எண்ணிக்கையில். பன்னிரண்டு கட்டில் அறையில் ஐந்து பெண்கள் என்றால் ஏழு கட்டில் வீண். அல்லது 'இடமில்லை' என்று பெண்களை மறுப்பார்கள். நான்கு, ஆறு கட்டில் கொண்ட சிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே குளியலறை என்று கட்டினால் ஆண் பெண் விகிதம் மாறினாலும் கதவுப் பலகையை மட்டும் மாற்றினால் போதும். பழைய கப்பலில் இதைப் பின்னால் செய்வது மிகக் கடினம், ஏனென்றால் நகர்த்த முடியாதவை கழிவுநீர்க் குழாய்கள்.

வீட்டுக்குப் போன் பேசலாமா?

கடலில் சொந்தக் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு கடுமை. கப்பல் இருக்குமிடம் வெளியே தெரிந்துவிடும். நீண்ட பயணங்களில் கப்பலின் செயற்கைக்கோள் தொலைபேசியில் முறைவைத்துப் பேச விடுகிறார்கள்.

விமானந்தாங்கியில கடை, தபாலாபீஸ் எல்லாம் இருக்காமே?

ஆம். லியாவ்னிங்கில் கடை, அஞ்சலகம், சலவையகம், உடற்பயிற்சிக் கூடம், பல உணவுக்கூடங்கள் இருப்பதைச் சீன அரசு ஊடகங்களே காட்டியிருக்கின்றன. அறைகள் 3,600க்கு மேல் என்பதும் அவர்கள் சொன்ன கணக்கு. உக்ரைனின் மிகோலாயிவில் சோவியத் காலத்தில் தொடங்கிய உடலை 2002இல் தாலியனுக்கு இழுத்துவந்து, 2012 செப்டம்பர் 25 அன்று பணியில் சேர்த்தார்கள். ஆகவே அறைகளின் அடிப்படைப் பகுப்பு வேறொருவர் போட்டது. சீனர் கைவண்ணம் உள்ளே நிரப்பியதில்தான். தாமே வரைந்து கட்டிய விமானந்தாங்கியான ஃபூஜியான் 2025 நவம்பரில்தான் பணிக்கு வந்தது.

சண்டை வந்தா இந்த வசதியெல்லாம் என்ன ஆகும்?

முதலில் போவது சூடான சாப்பாடு. வேதியியல், அணுத் தாக்குதல் அச்சம் வந்தால் கப்பல் தன்னை மூடிக்கொண்டு, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, வெளியைவிட ஏறக்குறைய 500 பாஸ்கல் கூடுதல் அழுத்தத்தில் நிற்கும். சமையற்கட்டின் உறிஞ்சு விசிறி ஓடினால் அந்த அழுத்தம் வெளியே போய்விடும். எனவே அடுப்பு அணையும். அடைத்த உணவு அவரவர் இடத்துக்கே வரும். குளிரூட்டல் ஆயுதங்களுக்குத் திரும்பும். நீர்புகாக் கதவுகள் மூடுவதால் கழிவறைக்குப் போகவே அனுமதி கேட்க வேண்டும்.

'அப்படியானால் வசதி எதற்கு' என்று சிலர் கேட்கிறார்கள். சண்டை சில மணி நேரம். அதற்கு முந்தைய மூன்று மாதம் சரியாகத் தூங்காத ஆள், அந்தச் சில மணி நேரத்தில் ரேடார் திரையில் வரும் புள்ளியைத் தவற விடுவான்.

டிவியில காட்டறத நம்பலாமா? நேர்ல பாக்க வழியுண்டா?

காட்டுவது பொய்யல்ல, ஆனால் தேர்ந்தெடுத்தது. புதிய கப்பல், துறைமுகத்தில், துடைத்து வைத்த அறை. காணொளியில் உணவுக்கூடத்தைப் பார்க்காதீர்கள். கட்டில் எத்தனை அடுக்கு, கூரைக் காற்று வாயைச் சுற்றிக் கறை இருக்கிறதா, அலமாரிக் கதவுகளை யாராவது நாடாவால் கட்டியிருக்கிறார்களா, பேசுபவர் குரலை உயர்த்துகிறாரா என்று பாருங்கள்.

வெளிநாட்டுத் துறைமுகங்களில் பொதுமக்களை அனுமதித்தாலும் மேல்தளத்தோடு சரி, படுக்கையறைக்கு விடமாட்டார்கள். முதல் 051 நாசகாரியான ஜினான், 2007இல் ஓய்வு பெற்று, இப்போது சிங்தாவ் கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரண்டாம் கேள்வியில் சொன்ன ஆளுக்கு 13 டன் கப்பல் அதே வகைதான்.